வாசல் போர்டில் இருந்த வைஃபை பாஸ்வேர்டு

மதுரையில் எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு சின்ன போர்டு தொங்குகிறது. 'ரவிக்கை, சுடிதார் தைத்துத் தரப்படும். ஃபால்ஸ், ஓரம் அடிக்கப்படும்.' அதன் கீழே அம்மாவின் செல்போன் எண். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி வைஃபை பாஸ்வேர்டாக அந்த எண்ணையே போட்டுவிட்டுப் போயிருந்தார். "உங்க நம்பரே போட்டுருக்கேன்மா, மறக்காது" என்று அவர் சொன்னதை அம்மாவும் நல்லதாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது பல வீடுகளில் இதுதான் வழக்கம் என்று தெரிந்தது.

மாடியில் குடியிருந்த கல்லூரிப் பையன்கள் படிப்பு முடித்துக் காலி செய்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அம்மா அவர்களுக்கும் நெட் கொடுத்திருந்தார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்குக் கொடுத்திருப்பார்கள், அது இயல்புதான். அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் ஏற்பாட்டோடு நான் அப்போதுதான் மதுரைக்கு வந்திருந்தேன். மாடி பூட்டிக் கிடக்கிறது, கீழே அம்மாவும் நானும் மட்டும்தான். ஆனாலும் சாயங்காலமானால் வீடியோ மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வரும். வைஃபை தரும் பெட்டியான ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் போன்கள், லேப்டாப், டிவி, அம்மாவின் பிரிண்டர், வாசல் கேமரா எல்லாம் போக, யாருடையது என்றே தெரியாத போன்களும் வரிசையாக இருந்தன.

பாஸ்வேர்டை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. இணையத்தில் தேடினாலும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் என்ன விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும், மாற்றிய பிறகு என்னென்ன வந்து நிற்கும் என்பதைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று அம்மா கேட்டார். வேகம் குறைவது இதில் சின்னப் பிரச்சினை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அது எந்த இணைய இணைப்பிலிருந்து போனது என்று காட்டும் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்ற இடம், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீடு. சரியாகப் பூட்டப்படாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் சம்பந்தமில்லை என்பது பிறகு தெளிவானது. ஆனால் முதலில் தட்டப்பட்ட கதவு அவருடையது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். எங்கள் இணைப்பு அம்மாவின் ஆதாரில் இருக்கிறது.

செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைப்பது எவ்வளவு பலவீனம் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2021இல் சைபர்ஆர்க் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஐடோ ஹூர்விட்ச், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் சுற்றி 5,000 வைஃபை இணைப்புகளின் சிக்னல்களைச் சேகரித்தார். அவற்றில் 70 விழுக்காட்டுக்கு மேல் பாஸ்வேர்டு உடைந்துவிட்டது. அவர் முதலில் முயன்றது செல்போன் எண்களைத்தான். அங்கேயும் மக்கள் மறக்காமல் இருக்கத் தங்கள் எண்ணையே வைக்கிறார்கள். நம் ஊரிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும், மீதி ஒன்பது இலக்கம். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இன்றைய உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே வினாடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் பாஸ்வேர்டுகளைச் சரிபார்த்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. இதற்கு நம் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நம் போன் ரூட்டரோடு இணையும் அந்தக் கணத்துத் தகவலைப் பதிவு செய்துகொண்டு, வீட்டுக்குப் போய் நிதானமாக உடைக்கலாம். எங்கள் விஷயத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை, போர்டைப் படித்தால் போதும்.

சரி, மாற்றுவது என்று முடிவானதும் ரூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். வைஃபையில் என்னென்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். போன், டிவி, லேப்டாப் வரை சரியாகச் சொல்லிவிடுவோம். பிரிண்டரும் வாசல் கேமராவும் யோசித்தால்தான் நினைவுக்கு வரும். போன வருடம் வாங்கிய ஸ்மார்ட் பல்பு, அண்ணன் ஊருக்கு வரும்போது மட்டும் பேசுகிற ஸ்பீக்கர் இவையெல்லாம் கண்ணில் பட்டால்தான் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு எழுதினேன்: இதில் பாஸ்வேர்டு அடிக்கத் திரை இருக்கிறதா, இல்லையென்றால் எந்த ஆப் வழியாக, யாருடைய கணக்கில் இது இணைந்திருக்கிறது. இரண்டாவது குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் கேமராவில் தெரிந்தது.

ரூட்டர் காட்டும் பட்டியலோடு இந்தப் பேப்பரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் சில பெயர்கள் புரியும், சில வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரியைக் காட்டுகின்றன. அதனால் தெரியாத முகவரியைப் பார்த்ததும் திருடன் என்று பதற வேண்டாம். வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்த்தாலே அடையாளம் கண்டுவிடலாம்.

அடுத்தது பலரும் குழப்பிக்கொள்கிற இடம். ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. போனில் வைஃபையோடு இணைய அடிப்பது ஒன்று. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைய அடிப்பது இன்னொன்று, அதை அட்மின் பாஸ்வேர்டு என்பார்கள். முதலாவது கேட் சாவி என்றால் இரண்டாவது பீரோ சாவி. கேட் சாவியை மாற்றிவிட்டு, பீரோவைக் கடையில் வாங்கிய அன்றைய நிலையிலேயே விட்டுவைக்கிற வீடுகள்தான் அதிகம். பெட்டிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே அது அச்சாகியிருக்கும். பல மாடல்களில் பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. உள்ளே நுழைந்தவர் நம் வைஃபை பாஸ்வேர்டைப் படிக்கலாம், மாற்றலாம். அதைவிட மோசமானது, டிஎன்எஸ் என்ற ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டால் நாம் ஒரு முகவரியை அடிக்க, நம்மை வேறொரு போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த முடியும். 2016இல் பரவிய மிராய் என்ற நச்சுநிரல், ரூட்டர்களிலும் கேமராக்களிலும் மாற்றப்படாமல் கிடந்த இப்படிப்பட்ட ஆரம்பப் பாஸ்வேர்டுகளை வரிசையாக முயன்று முயன்றே உலகம் முழுக்க நுழைந்தது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் முடங்கியதற்குக் காரணம் இப்படிக் கைப்பற்றப்பட்ட கருவிகள்தான். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதைச் சட்டமே தடுக்கிறது. இங்கேயும் அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அந்த ஐந்து நிமிட வேலை. ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஜியோஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. ஊகிக்க வேண்டாம் என்றால் போனில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் 'கேட்வே' என்ற இடத்தில் அதே முகவரி தெரியும். ஐபோனில் 'ரூட்டர்' என்று இருக்கும். அந்த எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடிக்க வேண்டும், கூகுள் தேடலில் அல்ல. போனிலிருந்து செய்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சில போன்கள் அந்தப் பக்கத்தை வெளியே போய்த் தேடிக்கொண்டிருக்கும். 'பாதுகாப்பற்ற பக்கம்' என்ற எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், பக்கம் நம் வீட்டுப் பெட்டியிலிருந்துதான் வருகிறது. மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ் போன்ற ஆப்களிலேயே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றும் வசதி இருக்கிறது. அது எளிது. ஆனால் மற்ற செட்டிங்ஸையும் பார்க்க வேண்டும் என்பதால் நான் பக்கத்தின் வழியாகவே போனேன்.

உள்ளே போனதும் 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலான்' என்ற பகுதி. அங்கே 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைப் பிரிவு இருக்கும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்தால் இன்னொன்றில் பழைய பாஸ்வேர்டு அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டிலும் மாற்ற வேண்டும். பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்துக்குச் சில பெட்டிகளில் 'ப்ரீ-ஷேர்டு கீ' என்று பெயர் இருக்கும், அதுதான் இது.

என்ன பாஸ்வேர்டு வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63 என்பது டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையின் விதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, ஒரு குறியீடு, ஒரு எண் என்று கலந்து எட்டு எழுத்தில் வைக்கச் சொல்வார்கள். அதை டிவியில் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பிடிக்க வேண்டும். '@' வேண்டுமென்றால் கீழே போய்க் குறியீடுகளின் பக்கத்தைத் திறந்து, அதைத் தேடி, திரும்ப எழுத்துகளின் பக்கத்துக்கு வந்து, பெரிய எழுத்துக்கு மாறி... பக்கத்தில் சீரியல் தொடங்கப்போகிற அவசரத்தில் அம்மா. நீளமான, எல்லாமே சிறிய எழுத்தான பாஸ்வேர்டே மேல். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினேன். திருஷ்டிப் பூசணி, தறி, உப்பளம், கொலுசு மாதிரி. இதையே வைத்துவிடாதீர்கள், சொற்களை நீங்களே எடுங்கள். பழமொழியோ பாட்டு வரியோ சாமி பெயரோ வேண்டாம், அவை ஊகிப்பவர்களின் பட்டியலில் முதலிலேயே இருக்கும். இருபது எழுத்துக்கு மேல் போய்விட்டால் ஒவ்வொரு எழுத்தாக முயன்று உடைப்பது நடக்காத காரியம். அம்மாவுக்கும் ஒரே தடவையில் மனப்பாடம் ஆனது. ஒரு சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதினோம் என்பதில் மட்டும் குழப்பம் வரும்: 'தறி'க்கு எச் உண்டா, ஆர் ஒன்றா இரண்டா? எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை பெயரையும் அப்போதே பார்த்தேன். எங்கள் பெயரில் கதவு எண்ணும் இருந்தது. தெருவில் போகிறவருக்கு எந்த வீட்டு சிக்னல் எது என்று சொல்ல வேண்டியதில்லையே என்று எடுத்துவிட்டேன். நிறுவனம் வைத்த பொதுவான பெயரையே விட்டுவைப்பதும் அவ்வளவு நல்லதில்லை. பாஸ்வேர்டிலிருந்து சங்கேதச் சாவி உருவாகும்போது வைஃபை பெயரும் அதில் கலக்கிறது. பெயர் தனியாக இருந்தால் முன்கூட்டியே தயாரித்து வைத்த பட்டியல்கள் பலிக்காது.

அதே பக்கத்தில் பாதுகாப்பு முறை என்று ஒரு தேர்வு இருக்கும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று இருந்தால் சரி. 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இன்னும் நல்லது. பதிவு செய்து கொண்டுபோய் உடைக்கும் அந்த வழியை அது அடைத்துவிடுகிறது. ஆனால் பழைய பிரிண்டர், மலிவான பல்பு, கேமராவெல்லாம் அதோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. இரண்டும் கலந்த முறை பெட்டியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி, டிகேஐபி என்ற பழைய, பலவீனமான முறைகளில் எதையாவது பார்த்தால் விலகிவிடுங்கள். அப்புறம் டபிள்யூபிஎஸ். பட்டனை அழுத்தி இணையும் வசதி என்று சொல்வார்கள், கூடவே எட்டு இலக்கப் பின் எண் ஒன்றும் வரும். அந்தப் பின்னை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் பத்துக் கோடி என்று தோன்றுவது உண்மையில் 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரிலேயே இது வெளியே வந்துவிட்டது. பாஸ்வேர்டை எவ்வளவு நீளமாக வைத்தாலும் இந்தப் பின் எண் வழி திறந்திருந்தால் பயனில்லை, அணைத்துவிட வேண்டும்.

சேமிக்கும் பட்டனை அழுத்தியதும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும். நாம் எந்த வைஃபை வழியாக உள்ளே போனோமோ அதையே மாற்றியிருக்கிறோம், அதனால் இணைப்பு அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். லேன் கேபிள் வழியாக லேப்டாப்பை இணைத்துச் செய்தால் இந்தப் பதற்றமே வராது. நான் அப்படித்தான் செய்தேன்.

பெயரை மாற்றாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியவர்கள், போன் பழைய பாஸ்வேர்டோடு முட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார்கள். அந்தப் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, புதிதாக இணைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களின் போனை அன்றைக்கே கையில் வாங்கி இணைத்துக் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அவர்கள் போன் ஓசைப்படாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வீடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்தது என்று மெசேஜ் வரும்போதுதான் விஷயம் புரியும். எங்கள் வீட்டில் அம்மாவின் போனைத்தான் முதலில் இணைத்தேன்.

கேமரா அன்று சாயங்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதில் திரை கிடையாது. ஸ்டூல் போட்டு ஏறி, அடியில் உள்ள ரீசெட் பட்டனை அது குரல் கொடுக்கும்வரை அழுத்திப் பிடித்து, ஆப்பில் புது பாஸ்வேர்டு அடித்து, வருகிற க்யூஆர் கோடைக் கேமராவின் கண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டும். அது 2.4இல் மட்டுமே வேலை செய்யும் ரகம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் சில சமயம் இணைய மறுக்கும், அதனால் 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்தேன். அதற்கு மேலும் ஒரு முட்டுக்கட்டை. 'இந்தக் கருவி வேறொரு கணக்கில் இருக்கிறது' என்றது ஆப். கேமராவை வாங்கி மாட்டியது மஸ்கட்டில் இருக்கும் அண்ணன். போன் போட்டு, "அண்ணே, கேமராவை உன் கணக்குல இருந்து எடுத்து விடு, நான் சேத்துட்டு உனக்கு ஷேர் பண்றேன்" என்றேன். அவர் டியூட்டி முடிந்து வந்து எடுத்துவிட்ட பிறகுதான் முடிந்தது. அவர் தூங்கும் நேரமாக இருந்திருந்தால் ராத்திரி முழுக்க வாசல் கேமரா இல்லாமல் இருந்திருக்கும். கணக்கு யாருடையது என்று முதலிலேயே பேப்பரில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். இந்த வேலையை விடுமுறை நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு வைத்திருப்பவர் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா கேட்டில் வந்து நின்றார். "பாப்பா, நேத்துல இருந்து நெட்டு வரலையே, என்னாச்சு?" பட்டியலில் பார்த்த அந்நியப் போன்களில் ஒன்று அவர் மகளுடையது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், நீட் வகுப்புகளை எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாதான் எப்போதோ சொல்லியிருக்கிறார், அவருக்கே மறந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவும் கூடாது. படிக்கிற பிள்ளைக்கு நெட் கொடுப்பதை நிறுத்துகிற பாதுகாப்பு எனக்கு வேண்டாம். அதே சமயம் எங்கள் கேமராவும் என் அலுவலக லேப்டாப்பும் இருக்கிற வலையில் தெருவையே சேர்த்து வைப்பதும் நியாயமில்லை.

இதற்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க். அதே பெட்டியில் இரண்டாவது பெயரும் தனிப் பாஸ்வேர்டும் போட்டுக்கொள்ளலாம். அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கருவிகள் தெரியாது. கடையில் வாங்கும் டிபி-லிங்க் போன்ற ரூட்டர்களில் 'கெஸ்ட்' என்றே பொத்தான் உண்டு. ஃபைபர் நிறுவனம் கொடுக்கும் பெட்டிகளில் 'எஸ்எஸ்ஐடி 2', 'எஸ்எஸ்ஐடி 3' என்று கூடுதல் வைஃபை பெயர்கள் மட்டும் இருக்கலாம். அவை எல்லாம் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சோதிப்பது எளிது. ஒரு போனைப் புதிய பெயரில் இணைத்து, ரூட்டரின் முகவரியையும் பிரிண்டரின் முகவரியையும் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் பிரிக்கப்படவில்லை என்று அர்த்தம். எங்கள் பெட்டியில் முதலில் திறந்தது. 'ஐசொலேஷன்' என்று இருந்த தேர்வைப் போட்ட பிறகு திறக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கும், மாடிக்கு வரப்போகிறவர்களுக்கும், தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாவின் வாடிக்கையாளர்களுக்கும் இப்போது கெஸ்ட் பெயர்தான். அம்மாவுக்கு இதில் ஒரு நிம்மதி, யாரையும் முகத்தை முறித்து அனுப்ப வேண்டியதில்லை. யாராவது காலி செய்து போனால் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். கேமராவுக்காக ஸ்டூல் ஏறவும் வேண்டாம், டிவியில் எழுத்து தேடவும் வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கெஸ்ட் வழியாக நடப்பதும் வெளியே பார்த்தால் நம் ஐபி முகவரியில்தான் பதிவாகும். அதனால் இதையும் தெரிந்தவர்களுக்கே கொடுக்கிறோம், பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து வைப்பதில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் போனிலேயே வைஃபைக்கான க்யூஆர் கோடைக் காட்டலாம். கெஸ்ட் பெயருக்கானதை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தையல் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத சுவர்.

ஒரு எச்சரிக்கை. அட்மின் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் பின்னால் உள்ள ஓட்டையில் சேஃப்டி பின்னை விட்டு ரீசெட் செய்யுங்கள் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கடையில் வாங்கிய தனி ரூட்டருக்கு அது பரவாயில்லை. ஃபைபர் நிறுவனத்தின் பெட்டியில் செய்தால் வைஃபை பாஸ்வேர்டோடு, நிறுவனத்தோடு இணைய வைத்திருந்த பிபிபிஓஇ பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துபோகலாம். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரியும், வைஃபையும் இணையும், ஆனால் நெட் வராது. சில நிறுவனங்கள் தூரத்திலிருந்தே அந்த விவரத்தைத் திரும்ப ஏற்றிவிடும். சிலவற்றில் ஆள் வந்துதான் போட வேண்டும். எங்கள் தெருக்கோடி வீட்டில் அப்படி அழுத்திவிட்டு, ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் ஆளுக்காகக் காத்துக் கிடந்தார்கள்; வீட்டில் பையனுக்கு ஆன்லைன் பரீட்சை வேறு. அதனால் முதலில் கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் போனில் கேளுங்கள். "தம்பி, அட்மின் பாஸ்வேர்டும் பிபிபிஓஇ விவரமும் ஒரு மெசேஜ்ல போட்டு விடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். சிலர் அட்மின் கணக்கைத் தாங்களே வைத்துக்கொண்டு, குறைந்த அதிகாரம் உள்ள 'யூசர்' கணக்கை மட்டும் கொடுப்பார்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்ற அது போதும். 'பேக்கப்' என்ற தேர்வு பக்கத்தில் இருந்தால் ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும்போதே இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுவது நல்லது. 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று இருந்தால், வெளியிலிருந்து யாரும் இந்தப் பக்கத்தைத் திறக்க முடியாதபடி அணைக்க வேண்டும். 'ஃபர்ம்வேர்' (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் செய்ய வேண்டும். 2017இல் டபிள்யூபிஏ2விலேயே கிராக் என்ற ஓட்டையை பாதுகாப்பு ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப் வெளிப்படுத்தினார். பாஸ்வேர்டை மாற்றி அதை அடைக்க முடியாது, போனிலும் ரூட்டரிலும் மென்பொருளைப் புதுப்பித்துத்தான் அடைக்க முடிந்தது.

மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டுமா என்று தோழி கேட்டாள். தேவையில்லை. நல்ல நீளமான பாஸ்வேர்டைக் காரணமில்லாமல் மாற்றிக்கொண்டே இருந்தால், நாளடைவில் நினைவு வைக்கச் சுலபமான ஒன்றுக்கு வந்துவிடுவோம். குடியிருந்தவர் காலி செய்தால், வேலைக்கு வந்தவர் நின்றால், போன் தொலைந்தால், பட்டியலில் புரியாத பெயர் நின்றால் மாற்றுங்கள். ரூட்டரையே மாற்றும்போது நேர் எதிராகச் செய்யலாம்: புதுப் பெட்டியில் பழைய பெயரையும் அதே பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் போட்டுவிட்டால், டிவி, பிரிண்டர், கேமரா எல்லாம் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு பாஸ்வேர்டும் பிபிபிஓஇ விவரமும் எழுதிய தாளை ரூட்டருக்கு அடியில் செருகாதீர்கள். எங்கள் வீட்டில் அது கேஸ் புத்தகத்தோடு அலமாரியில் இருக்கிறது.